ஏழாம் படுக்கை

சித்திரை 5, வெள்ளி

அதனால்தான் உம்மிடமே கேட்கிறேன் சாமி, ஆறு பேரை அறுத்துப் போட்ட உமக்கு அந்த ஏழாவது ஆள்மேல் மட்டும் என்ன அப்படி ஒரு இரக்கம்? காலையிலிருந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே இதைத்தான் யோசிக்கிறேன். கை புளியில் இருக்கிறது, மனசு உம் நொச்சிக்காட்டில் கிடக்கிறது.

ஊர்க்கூட்டம் முடிந்துவிட்டது. இந்த வருடம் உமக்குக் கொடைத் திருவிழா உண்டு. இருபத்துமூன்றாம் தேதி, செவ்வாய், வழக்கம்போல உச்சி வெயிலில். என் தம்பி வெயிலுமுத்து வெட்டுப்பட்டுச் செத்து நாலாவது வருடம் நடக்கிறது, நடுவில் மூன்று கொடை நின்றுபோயிருந்தது. உமக்குச் சாமியாடி அவன்தானே. இனி அவன் மகன் கொம்பையா ஆடுவான். திருப்பூர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறான்.

உம் கதை எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். நொச்சிக்காட்டில் காவலுக்குப் படுத்திருந்த உம்மை ஏழு பேர் சேர்ந்து முடித்தார்கள். வெட்டியது ஆறு பேர். ஏழாமவன் கையில் ஆயுதமே இல்லை, நீர் எந்த நொச்சி மூட்டில் தலைவைத்துத் தூங்குகிறீர் என்று வாயால் சொன்னவன். நீர் ஆவியாகத் திரும்பி வந்தீர். ஒருவனைக் களத்தில் போட்டு மாடு மிதிப்பதுபோல மிதித்தீர். ஒருவனை வாய்க்கால் சேற்றில் தலைகீழாக நட்டீர். ஒருவன் தன் கலப்பைக் கொழுவிலேயே குத்துப்பட்டான். ஒருவனுக்குச் சோற்று உருண்டை தொண்டையிலேயே கல்லாகிவிட்டது. இரண்டு பேர் வைக்கோல் படப்போடு எரிந்தார்கள். சரி, ரொம்பச் சரி. ஏழாமவன் தூங்கும்போது அவன் கழுத்தில் அருவாளை வைத்தீர். பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்.

எனக்கு அதுதான் ஆறவில்லை. கை ஓங்கினவனை அறுத்தீர், வாய் திறந்தவனை விட்டீர். வாயால் கொன்றால் கொலை இல்லையா?

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. இன்னமும் தம்பி பெயர் எழுதித்தான் கொடுக்கிறார்கள். எட்டாம் வகுப்புக் கை, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளும்.

சித்திரை 8, திங்கள்

கொம்பையா வந்துவிட்டான். தாடியும் மீசையுமாக அப்படியே அவன் அப்பன். வாசலில் நின்றவனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். உலகம்மா கோழிக் குழம்பு வைத்தாள். அவள் தம்பி பெண்டாட்டி, ஆனால் கூடப் பிறந்தவள் மாதிரி. எனக்கும் புருஷன் இல்லை, அவளுக்கும் இல்லை, ஒரே அடுப்பு.

சாப்பிட்டுவிட்டு அவன் கேட்டான்.

"அத்தே, ஏழாம் படுக்கைக்கு யாரு?"

"யாரு படுப்பா? அவங்க வம்சந்தான் படுக்கணும். பஞ்சர் கடைத் தளவாய்தான்."

"வருவானா?"

"வராம? இருபது வருசமா அவந்தானலே படுக்கான்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் செய்தது.

உமக்குத் தெரியாததா, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். உம் அக்கா வம்சம் நாங்கள். ஏழாமவன் வம்சம் தளவாய் வீடு. ஒவ்வொரு கொடையிலும் வில்லுப்பாட்டு ஏழாமவன் இடத்துக்கு வந்ததும் வில்லை நிறுத்துவார்கள். தளவாய் ஒரு நிறைகுடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குப்புறப் படுப்பான். எங்கள் வீட்டுப் பெண் கையால் அருவாளை வாங்கி, சாமியாடி அவன் கழுத்தில் மூன்று தடவை வைத்து எடுப்பார். வைத்து எடுப்பது, அவ்வளவுதான்.

தம்பி ஆற்று மணல் டிராக்டரை மறித்தான், மணல்காரர் மூன்று பேரை அனுப்பினார். வாய்க்கால் கரையில் பதினேழு வெட்டு. ஒரு காது தண்ணீரோடு போய்விட்டது, கடைசிவரை கிடைக்கவில்லை, காது இல்லாமல்தான் எரித்தோம். வெட்டினவர்களில் இரண்டு பேர் இன்னும் ஜெயிலில். ஒருவன், "ஊர் ஆளுதான் வழி சொன்னாவ, பேரு தெரியாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே உள்ளே தூக்கில் தொங்கிவிட்டான். மணல்காரர் போன வருடம் தன் லாரிக்கு அடியிலேயே நசுங்கினார். எல்லாம் உம் வேலை என்று எனக்குத் தெரியும். மிச்சம் அந்த வழி சொன்னவன்.

தம்பி நடந்து போகிறவனே இல்லை. அன்றைக்கு வண்டி பஞ்சர். தளவாய் கடையில் போட்டுவிட்டு, வாழைத் தோட்டத்துக்கு வாய்க்கால் கரையோடு தனியாக நடந்தான். அது தளவாய்க்கும் எங்கள் வீட்டுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? அது போக, ஈர டியூபைக் கையில் பிடித்தபடி தளவாய் அதே கரையில் தலைதெறிக்க ஓடியதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். போலீஸில், 'பஞ்சர் ஒட்டியாச்சுன்னு சொல்லப் போனேன்' என்றானாம். அதைச் சொல்ல யாராவது ஓடுவார்களா?

நான் குழாயடியில் இருந்தேன். வெள்ளிக்கிழமை, வீடு கழுவ நாலு குடம் வேண்டும். யார் யாரோ வந்தார்கள், போனார்கள், பேசிக்கொண்டிருந்தேன். நான் பேசாமல் என்றைக்கு இருந்தேன்? உலகம்மா அலறிக்கொண்டு வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. 'வெளியாட்கள் யாரையும் பார்த்தீர்களா' என்று போலீஸ்காரர் கேட்டார். இல்லை என்றேன். பார்த்திருந்தால் சொல்லமாட்டேனா?

சித்திரை 9, செவ்வாய்

கரண்டு இல்லை, மாவு ஆட்ட முடியவில்லை. கொம்பையா ஒரு சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்வந்தான்.

சித்திரை 12, வெள்ளி

விளக்கு, மணி, தட்டு எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். கடைசியாக உம் அருவாளை எடுத்தேன். அது என் அப்பா காலத்திலிருந்தே மொட்டை. வாழை இலை நறுக்கக்கூட ஆகாது. அந்த நினைப்பில் பெருவிரலை ஓட்டினேன். ஒரே ஓட்டு. நகத்தோடு பிளந்துவிட்டது. புளித்தண்ணீர் முழுக்கச் சிவப்பு.

கொம்பையா ஓடி வந்தான்.

"அத்தே, அதை எதுக்குத் தொட்டீங்க?"

"தொடாம? வருசா வருசம் யாரு வெளக்குதா, ஒங்க தாத்தாவா?"

"இந்த வருசம் நான் வெளக்கிட்டேன்."

"வெளக்குனியா, தீட்டுனியாலே?"

அவன் என் விரலில் துணியைச் சுற்றினான். இறுக்கமாக, அன்பாகத்தான் சுற்றினான்.

"சாமி கைல இருக்க அருவா எங்க விழுந்தாலும் அது சாமி பாடு அத்தே. எந்த ஊர்லயாவது சாமியப் பிடிச்சு ஜெயில்ல போட்டிருக்கானா? மூணாவது தடவ தூக்குவேன். அவ்வளவுதான். நீங்க எதையும் பாக்கல, எதையும் கேக்கல."

நீர்தான் உம் இரும்புக்குத் திரும்பப் பல் முளைக்க வைத்திருக்கிறீர் என்று எடுத்துக்கொண்டேன். உமக்கு அவன் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் விட்டுவிடும். இதில் நான் யார்? விளக்குகிறவள்.

விரல் விண்விண் என்று தெறிக்கிறது. மஞ்சள் வைத்திருக்கிறேன்.

சித்திரை 16, செவ்வாய்

கொடைக்குப் பந்தல்கால் நாட்டியாகிவிட்டது. இனி எட்டு நாள் ஊரில் யாரும் வெளியூரில் தங்கக்கூடாது.

வில்லுப்பாட்டுக்காரி தங்கபுஷ்பம் அட்வான்ஸ் வாங்க வந்திருந்தாள். காபி கொடுத்து உட்காரவைத்தேன்.

"ஏ தங்கபுஷ்பம், நீ இத்தனை வருசமா பாடுதியே, ஏழாமவனை எதுக்கு விட்டாராம்?"

"பாட்டுச் சொல்லிக் குடுத்த எங்க அண்ணாவி இதைச் சொல்லித் தரல, நானும் கேக்கல."

"ஒரு வரி கூடவா இல்ல?"

"இல்லக்கா. ஆறு பேரைக் கொன்னதை ரெண்டு மணி நேரம் பாடுதோம். சனம் வாயப் பொளந்துகிட்டுக் கேக்கும். விட்டதுக்குப் பாட்டே கிடையாது. அந்த இடத்துல வில்லை நிறுத்திருவோம். அண்ணாவி, 'அந்த இடத்துல வாயத் தொறக்காத'ம்பாரு."

வாயைத் திறக்காமல் பாட்டு என்ன பாட்டு? போய்விட்டாள்.

குழாயடியில் தளவாயைப் பார்த்தேன். பஞ்சர் சட்டிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவன், என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நாலு வருடமாக இப்படித்தான். என் முகத்தைப் பார்க்க மாட்டான். குற்றம் உள்ளவன் எப்படிப் பார்ப்பான்?

சித்திரை 19, வெள்ளி

தளவாய் பெண்டாட்டி செல்லக்கனி வந்தாள். வாசலோடு நின்றாள். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை.

"யக்கா, இந்த வருசம் ஆளுக்குப் பதிலா வைக்கப்பிரிப் பொம்மையப் படுக்க வச்சிரலாம்னு ஊர்ல நாலு பேரு சொல்லுதாவ. இவுக கேக்க மாட்டேங்காவ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும்."

"சாமி காரியம் செல்லக்கனி. நான் எங்க வாயத் தொறக்க?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆமா, நீங்க வாயத் தொறக்காதவுக" என்று சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு திமிர்!

மத்தியானம் உலகம்மா அரிசி புடைத்துக்கொண்டே அழுதாள். அவளும் அருவாளைப் பார்த்திருக்கிறாள்.

"புருசனைத்தான் வாரிக் குடுத்தாச்சு மதினி. பிள்ளையையும் குடுக்கணுமா? எம் பேச்சைக் கேக்க மாட்டான். நீங்க சொன்னா கேப்பான்."

"ஒம் புருசனை வெட்டுறதுக்கு வழி சொன்னவன் நாளைக்கும் பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கணுமா?"

"அவந்தான்னு யாரு கண்டா?"

"எல்லாருந்தான் சொல்லுதாவ."

"எல்லாருக்கும் யாரு சொன்னா மதினி?"

எனக்குக் கோபம் வந்து எழுந்துவிட்டேன். நான்தான் சொன்னேன். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நாலு வருடமாகச் சொன்னேன். உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு?

இருபத்தொரு படி அரிசி. கல் நிறைய.

சித்திரை 22, திங்கள்

கிடாய் இரண்டு வந்துவிட்டது. கறுப்பு ஒன்று, செவலை ஒன்று. செவலைக்கிடாய் என் சேலை முந்தானையைத் தின்றுவிட்டது.

மத்தியானம் எல்லாரும் பந்தல் பக்கம் போயிருந்தார்கள். அருவாளில் புளிக்கறை ஒட்டியிருப்பதுபோலத் தோன்றியது. துவைக்கிற கல்லில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். வாய்ப்பக்கமாக இழுத்துவிட்டேன்போல, கிரீச் என்று ஒரு சத்தம். கறைக்காகத்தான் இழுத்தேன். மூன்றாவது இழுப்புக்குள் உலகம்மா வருகிற காலடி கேட்டது, துடைத்து வைத்துவிட்டேன்.

சித்திரை 23, செவ்வாய்

மூன்று பானை பொங்கல். ஒன்று பொங்கவில்லை. மீதியை எழுத இன்று கை வரவில்லை.

சித்திரை 24, புதன்

எழுதுகிறேன். நீர் அங்கே இருந்தீரா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உச்சி நேரம். மணல் காலைப் பொசுக்கியது. கறுப்புக் கிடாய் ஒரே வெட்டில் போனது. செவலைக்கு இரண்டு வெட்டு ஆனது, அப்போதே எனக்கு நெஞ்சு சரியில்லை. தலை தனியாகக் கிடந்து வாயை வாயைத் திறந்தது. கொம்பையா அந்தச் சூட்டு ரத்தத்தை இரண்டு கையிலும் ஏந்தி நெஞ்சில் பூசிக்கொண்டு ஆடினான். சலங்கைச் சத்தத்தில் தங்கபுஷ்பம் பாடிப் பாடி, ஆறு பேரையும் ஒவ்வொருவனாகக் கொன்றாள். ஆறாவது ஆள் வைக்கோலில் எரியும்போது சனம் குலவையிட்டது. நானும்தான்.

வில் நின்றது.

தளவாய் குடத்தோடு வந்தான். நிறைகுடம், தளும்பி அவன் தோள் நனைந்திருந்தது. குடத்தை வைத்தான். என் தட்டில் இருந்த அருவாளைப் பார்த்தான். வெயில் அதன் வாயில் பட்டு அவன் முகத்தில் அடித்தது. பிறகு என்னைப் பார்த்தான். நாலு வருடத்தில் முதல் தடவை.

"யக்கா, வெயிலா இருக்கு. நெழல் பக்கமா நில்லுங்க" என்றான்.

படுத்துவிட்டான்.

கொம்பையா கையை நீட்டினான். கொடுத்தேன் சாமி. என் கையால்தான் கொடுத்தேன். ஒருதடவை வைத்து எடுத்தான். இரண்டாம் தடவை வைத்து எடுத்தான். மூன்றாவது தடவை கழுத்துக்குப் போகாமல் தலைக்கு மேலே போனது. நான் அவன் கண்ணைப் பார்த்தேன். அது உம் கண் இல்லை. என் தம்பி கண்ணும் இல்லை. இருபத்துநாலு வயதுப் பிள்ளை ஒன்று பயந்துபோய்ப் பார்க்கிற கண்.

நான் கத்தினேன். உம் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன் என்று நினைக்கிறேன். உலகம்மா வேறு மாதிரி சொல்கிறாள். 'விட்டிருலே கொம்பையா, விட்டிரு' என்று நான் கத்தினதாகச் சொல்கிறாள். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை.

அருவாள் விலகி வலது தோளில் இறங்கியது. இளநீர் சீவுகிற சத்தம். தளவாய் அலறவில்லை, மண்ணைக் கடித்தான். கொம்பையா திரும்ப ஓங்கிப் போட்டான். நீட்டியிருந்த வலது கையில் விழுந்து மூன்று விரல் குடத்தடியில் சிதறியது. குடம் உடைந்தது. தண்ணீரும் ரத்தமுமாக என் காலுக்கு வந்தது. மறுபடியும் ஓங்கினான், அப்போது உலகம்மா ஓடிவந்து தளவாய் மேல் விழுந்தாள். கட்டின புருஷன் பிணத்தின்மேல் எப்படி விழுந்தாளோ அப்படி. "வெட்டுலே, ஒங்க ஆத்தாளைச் சேத்து வெட்டு!" என்றாள்.

அருவாள் கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. செல்லக்கனி மண்டியிட்டு ஒவ்வொரு விரலாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். அதைப் பார்த்திருக்கக்கூடாது.

சித்திரை 27, சனி

போலீஸ் வந்தது. ஊர் மொத்தமும், 'சாமி ஆடும்போது கை தவறிவிட்டது' என்றது. நானும் அதையே சொன்னேன்.

எல்லாரும் தளவாய் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியாஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு வந்ததும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். "சாமி அருவா. நாந்தான் அசைஞ்சிட்டேன். யார் மேலயும் தப்பு இல்ல" என்றானாம். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன கொம்பையா ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான்.

வெட்டுக்காயத்தைப் பார்த்து டாக்டர் இன்னொன்றும் சொன்னாராம். அருவாளின் நடுவில் கொஞ்ச தூரம் கூர் மடங்கி இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் தோளே போயிருக்கும் என்று. உம் வேலைதான். ஆறை அறுக்கிற கையும் உமக்கு உண்டு, ஏழாவதற்குக் கூரை மடக்குகிற கையும் உண்டு. எது எப்போது நீளும் என்று மட்டும் சொல்லவே மாட்டீர்.

சித்திரை 30, செவ்வாய்

கொம்பையா சரியாகச் சாப்பிடுவதில்லை. கையைக் கழுவிக் கழுவித் தோல் வெளுத்துவிட்டது. இன்று சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்.

"அவன் என்னைக் காட்டிக் குடுக்கலைல்லா, அதான் அத்தே மண்டைக்குள்ள கொடையுது. குத்தம் உள்ளவந்தான் இப்படி விட்டுக் குடுப்பான்."

"இல்லன்னா குத்தமே இல்லாதவன்" என்றாள் உலகம்மா.

"அவன் வாயால ஒத்துக்கிடட்டும். அன்னைக்கே மிச்சத்தையும் முடிச்சிட்டு நானே ஸ்டேஷனுக்குப் போயிருதேன். இல்லன்னு சொன்னான்னா இத்தோட திருப்பூர் போயிருதேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னான். தெரிந்துகொண்டு வா என்று அர்த்தம். பஸ்ஸுக்கு எனக்குத்தான் ஓசி.

வைகாசி 1, வியாழன்

ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் ஒரே பினாயில் வாடை. தளவாய் வலது கையில் கட்டு, ஒரு சின்னத் தலையணை அளவுக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"படுலே, படு" என்றேன். அந்த வார்த்தை எனக்கே என்னவோபோல் இருந்தது.

"எதுக்கு யக்கா இவ்வளவு தூரம்? எனக்கு ஒண்ணும் இல்ல. எடது கையால ஒட்டப் பழகிருவேன்."

செல்லக்கனி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைத் தொடவில்லை. எனக்கு நேராகக் கேட்டுத்தான் பழக்கம். கேட்டுவிட்டேன்.

"தளவாய், ஒண்ணே ஒண்ணு. எந் தம்பி வாய்க்கா கரையோட போறான்னு அவனுவகிட்ட சொன்னது நீதானா?"

செல்லக்கனி திரும்பினாள். "சொல்லுங்க. இப்பமாவது சொல்லுங்க" என்றாள் அவனிடம். எனக்கு அது மிரட்டல் மாதிரி கேட்டது.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சின்னப் பிள்ளை ஏதாவது கேட்டால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

"ஆமான்னு வச்சுக்கிடுங்க யக்கா."

செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். "அறுத்தது பத்தாதா ஒங்களுக்கு? தலையையும் கேக்குதா?" என்று அவனைத்தான் திட்டினாள்.

"நீ சும்மா இரு" என்றான் அவளிடம். பிறகு என்னிடம், "இத்தோட விட்டுருங்க யக்கா. அந்த நாளைப் போட்டுப் போட்டு யோசிக்காதீங்க. யார்ட்டயும் பேசாதீங்க."

பேசாதே என்று என்னிடமே சொல்கிறான்!

ஒத்துக்கொண்டான் சாமி. அவன் வாயால் ஆமாம் என்றான். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் இருந்தவள், 'எந்த ஊரு' என்று கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் வந்தேன். கொம்பையா தோட்டத்துக்குப் போய்விட்டான். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

வைகாசி 2, வெள்ளி

வீடு கழுவத் தண்ணீர் எடுக்கப் போனேன். குழாயில் தண்ணீர் நூல்போல வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள். பைக்குள் மஞ்சள் தடவின மூலை தெரிந்தது.

"பெரியம்மா, கொம்பையா அண்ணன் எங்க இருப்பாவ?"

"அவனா? தோட்டத்துல தண்ணி பாய்ச்சுதான். தனியாத்தான் இருப்பான். ரோட்டு வழியாப் போனா சுத்து. இந்தா, இந்த வாய்க்கா கரையோட போங்க, பிடிச்சிரலாம்."

கையை நீட்டிக் காட்டினேன். வளையல் முழங்கைக்குச் சரிந்தது. பையன்கள் போய்விட்டார்கள். கையை இறக்க முடியவில்லை.

இதே கை. இதே குழாய். அன்றைக்கும் வெள்ளி. மூன்று பேர். "பெரியம்மா, குடிக்கத் தண்ணி தாங்க" என்றார்கள். செம்பில் கொடுத்தேன். உதட்டில் படாமல் குடித்தார்கள். நல்ல பிள்ளைகள், வாழைத்தார் பேச வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "வெயிலுமுத்து அண்ணாச்சி வீட்ல இருக்காவளா?" என்று ஒருவன் கேட்டான். அவன் ஒன்றுதான் கேட்டான். நான் எத்தனை சொன்னேன்! வண்டி பஞ்சர் என்றேன். நடந்துதான் போயிருக்கான் என்றேன். ஆள் கூட்டிக்கொண்டு போகவில்லை, தனியாத்தான் போறான் என்றேன். வாய்க்கால் கரையைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டேன். கொம்பையா சாப்பிட வந்துவிட்டான். "அத்தே, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, என்ன சொன்னான்?" என்று அடுக்களையிலிருந்து கேட்கிறான். அருவாமனையில் உலகம்மா வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. இதை எழுதி முடித்ததும் எழுந்து போய் அவனிடம் சொல்லப் போகிறேன். வழி சொன்னது யார் என்று சொல்லப் போகிறேன். அவன் அருவாளை எடுத்தால் எடுக்கட்டும்.

இன்னொன்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது சாமி. அன்றைக்கு என் பின்னால் பஞ்சர் சட்டியோடு தளவாய் நின்றிருந்தான். நான் அந்த மூன்று பேரிடம் பேசப் பேச, நடுவில் புகுந்து, "யக்கா, கொடம் நெறஞ்சிட்டு, தூக்குங்க" என்றான். திரும்பத் திரும்பச் சொன்னான். "நெறஞ்சா வழியட்டும்லே, பேசிக்கிட்டுதானே இருக்கேன்" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

குடம் அப்போது பாதிகூட நிறைந்திருக்கவில்லை.